புது கேமரா வாங்கச் சொல்கிறார்கள்

1. ஐப்பசி முதல் வாரம், உறையூரில் ஒரு வளைகாப்பு. கூட்டத்துக்கு மேலே கேமராவைத் தூக்கிப் பிடித்த நேரத்தில் அதன் பின்பக்கத் திரை கறுத்துப்போனது. பத்து நொடியில் தானாகத் திரும்பி வந்தது.

2. அடுத்த ஞாயிறு, முக்கொம்பில் கல்யாணத்துக்கு முந்தைய படப்பிடிப்பு. நான்கு மணி நேரம். விட்டு விட்டுத் தூறல். திரை ஒரு முறைகூடக் கறுக்கவில்லை.

3. அதற்கடுத்த வாரம், ஏசி மண்டபத்தில் ஒரு நிச்சயதார்த்தம். ஆறு முறை கறுத்தது. அதில் ஒன்று மோதிரம் மாற்றும்போது.

4. அதை ஸ்டுடியோ அண்ணன் பார்த்துவிட்டார்.

5. மறுநாள் காலை போன் செய்து, புது மாடல் வந்திருக்கிறது, மாற்றிவிடு என்றார்.

6. என் பழைய கேமராவைத் தானே வாங்கிக்கொள்வதாகவும் சொன்னார்.

7. சர்வீஸ் கடையில், திரைக்குப் போகும் கேபிள் போய்விட்டது, இந்த மாடலுக்கு இனி கிடைப்பது கஷ்டம் என்றார்கள்.

8. புது மாடலைப் பார்க்கத் தில்லைநகர் கடைக்குப் போனேன். நான் வருவேன் என்று அங்கே ஏற்கெனவே தெரிந்திருந்தது. நான் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை.

9. தை மாதம் ஸ்ரீரங்கத்தில் என் தோழியின் கல்யாணம். மணவறைக்கு முன்னால் நான் நிற்பேனா இல்லையா என்பதைக் கார்த்திகை முடிவதற்குள் அண்ணன் முடிவு செய்வார்.

நோட்டில் நான் எழுதிவைத்த இந்த ஒன்பதில் ஆறாவதுதான் என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. கெட்டுப்போனது என்று சொல்கிறவரே அதை ஏன் கேட்டு வாங்குகிறார்?

சந்தேகப்படுவது எனக்குச் சம்பளம் தரும் வேலை. துவாக்குடியில், கொதிகலன் குழாய்களுக்கு இணைப்புகள் செய்யும் ஒரு சிறிய தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் பிரிவில் இருக்கிறேன். வெல்டிங் வைத்த இடத்தில் சிவப்புச் சாயத்தைப் பூசித் துடைத்துவிட்டு, மேலே வெள்ளைப் பூச்சை அடித்தால், கண்ணுக்குத் தெரியாத கீறல் இருந்தால் அது சிவப்புக் கோடாக மேலே வரும். வரவில்லை என்று கண்ணால் பார்க்கும் வரைக்கும் அந்த இணைப்பு நல்லது என்று நான் கையெழுத்துப் போட மாட்டேன். ஞாயிற்றுக்கிழமைகளிலும், லீவு கிடைக்கிற முகூர்த்த நாள்களிலும் பாலக்கரையில் இருக்கும் ஒரு ஸ்டுடியோவுக்காகக் கல்யாணப் படங்கள் எடுக்கிறேன். அண்ணன் என்று நான் சொல்வது அந்த ஸ்டுடியோவின் உரிமையாளரை. எங்கள் வட்டத்தில் எல்லோருக்கும் அவர் அண்ணன்தான், அவரைவிட மூத்தவர்களுக்கும்.

அவருடைய ஸ்டுடியோவில் ஒரு கல்யாணத்துக்கு, வீடியோ போக, இரண்டு இடங்கள்தான் உண்டு. ஒன்று மெயின்: மணவறைக்கு நேர் எதிரே, தாலி கட்டுவதை எடுப்பவர். மற்றது பந்தி: சாப்பாட்டுக் கூடத்தில் சாப்பிடுபவர்களை எடுப்பவர். பந்தியில் நான் இரண்டு வருஷம் நின்றிருக்கிறேன். வாயில் சோறு இருக்கும்போது எவருக்கும் கேமராவைப் பிடிக்காது. சிலர் இடது கையால் முகத்தை மறைப்பார்கள். சிலர், “அந்தப் பக்கம் போய் எடும்மா, அங்கதான் மாப்பிள்ளை வீட்டுக்காரங்க” என்று துரத்துவார்கள். மெயினுக்கு வந்து ஒரு வருஷம்தான் ஆகிறது. அதைத் திருப்பிக் கொடுக்க எனக்கு மனமில்லை, அதுவும் இந்தக் கல்யாணத்தில்.

தோழியும் நானும் கல்லூரி விடுதியில் நான்கு வருஷம் ஒரே அறையில் இருந்தவர்கள். அவளுடைய வீட்டில் இந்த ஸ்டுடியோவைப் பேசியதே நான் இங்கே இருப்பதால்தான். விஷயத்தைப் போனில் சொன்னபோது அவள் ஒரே வரியில் முடித்துவிட்டாள்.

“நீ மட்டும் பந்தில போய் நின்னேன்னா, நான் மணையிலேர்ந்து எழுந்து வந்துடுவேன், பார்த்துக்கோ.”

“கேமரா சரியில்லடி.”

“சரி பண்ணு. நாலு வருஷம் என் கால்குலேட்டரையே நீதானே பிரிச்சுப் பிரிச்சு மாட்டினே.”

திரை ஏன் அவ்வளவு முக்கியம் என்று கேட்கலாம். கேமராவில் கண்ணை வைத்துப் பார்க்கும் சின்னக் கண்ணாடியும் இருக்கிறது. அது ஒருநாளும் கறுக்கவில்லை. ஆனால் என் உயரம் ஐந்தடிக்கு ஒரு அங்குலம் மேலே. தாலி கட்டும் நேரத்தில் கெட்டிமேளம் கேட்டதும் மொத்தச் சொந்தமும் எழுந்து அட்சதையோடு முன்னால் சாயும். அந்த ஐந்தாறு நொடிக்குக் கேமராவைத் தலைக்கு மேலே தூக்கி, திரையைக் கீழ்ப்பக்கமாக மடக்கி, அதைப் பார்த்துத்தான் எடுக்க முடியும். திரை இல்லையென்றால் எனக்கு யாரோ ஒருவருடைய பட்டுச்சட்டை முதுகுதான் கிடைக்கும்.

அண்ணன் போனில் சொன்னதை அப்படியே எழுதி வைத்திருக்கிறேன்.

“நான் உனக்குக் கெட்டதா சொல்லப் போறேன்? அந்த கேமராவோட காலம் முடிஞ்சதும்மா. ஒரே மெமரி கார்டு, திரை வேற கண்ணை மூடிக்குது. புதுசுல ரெண்டு கார்டு போடலாம். வாங்கிரு.”

“யோசிக்கறேண்ணே.”

“யோசி. ஆனா மெயினுக்கு நான் ஆள் சொல்லணும். கார்த்திகைக்குள்ள சொல்லிரு. பழசைத் தூக்கிட்டு அலையாத, நானே எடுத்துக்கறேன்.”

எங்கள் குழுவில் இன்னொருவர் இருக்கிறார், என் வயதுதான். அவரிடம் அந்தப் புது மாடல் வந்த வாரமே வந்துவிட்டது. நான் வாங்காவிட்டால் மெயின் அவருக்கு என்று அண்ணன் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இல்லை.

சர்வீஸ் கடைக்காரர் சொன்னதை நான் உடனே நம்பினேன். நம்புவதற்குக் காரணம் இருந்தது. திரையை இழுத்து மடக்கினால் சில சமயம் வெளிச்சம் வந்தது. திரும்பத் திரும்ப மடங்கும் இடத்தில் கேபிள் தேய்வது இயல்பு. மடங்கும் எந்தப் பொருளும் மடங்கும் இடத்தில்தான் விட்டுப்போகும் என்பதைத் தினமும் பார்க்கிறேன். அவர் கேமராவைப் பிரிக்கவில்லை, இரண்டு முறை திரையை ஆட்டிப் பார்த்தார், அவ்வளவுதான் என்பதைப் பஸ்ஸில் திரும்பும்போதுதான் நினைத்தேன். என் தொழிற்சாலையில் யாராவது இரண்டு முறை ஆட்டிப் பார்த்துவிட்டு ஒரு இணைப்பை ஒதுக்கினால் நான் சும்மா விடுவேனா?

அடுத்து, புது மாடலைப் பற்றிய வீடியோக்கள். பதினொன்று பார்த்தேன். எல்லாம் ஒரே நாளில் வெளிவந்தவை. எல்லாவற்றிலும் அதே மூன்று குறைகளை ஒரே வரிசையில் சொன்னார்கள். பேட்டரி இன்னும் நிற்கலாம், கொஞ்சம் எடை, விலை. யாரோ எழுதிக் கொடுத்த குறைகள் மாதிரி இருந்தது. எதற்கும் இருக்கட்டும் என்று புதிய வசதிகளைப் பட்டியல் போட்டு ஒவ்வொன்றாக அடித்தேன். பறவையின் கண்ணைத் தானே தேடிப் பிடிக்கும்: கல்யாணத்தில் பறவை இல்லை, அடி. ரயிலை, விமானத்தை அடையாளம் காணும்: அடி. ஒரு நொடிக்கு நாற்பது படம்: அத்தனையையும் உட்கார்ந்து பார்த்துத் தேர்ந்தெடுக்கப் போவது நான்தான், அடி. பதினேழில் மூன்று மிஞ்சின. இரண்டு கார்டு, குறைந்த வெளிச்சத்திலும் புள்ளி புள்ளியாக உடையாத படம், முகத்தை விடாமல் பிடிக்கும் ஃபோகஸ். இந்த மூன்றும் உண்மையாகவே தேவையா, இல்லை பதினான்கை அடித்துவிட்ட திருப்தியில் மூன்றை விட்டுவைத்தேனா என்பதுகூட எனக்குச் சந்தேகமாக இருந்தது.

தில்லைநகர் கடைக்குப் போனது அதற்குப் பிறகு. கவுண்டரில் இருந்தவர் என் பெயரைக் கேட்கவில்லை. பையிலிருந்து கேமராவை நான் எடுத்து வைத்ததும், அதைத் திருப்பி அடியில் இருந்த வரிசை எண்ணைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தார்.

“வாங்க மேடம். அண்ணன் சொன்னாங்க, நீங்க வருவீங்கன்னு.”

“எந்த அண்ணன்?”

“நம்ம பாலக்கரை அண்ணன்தான். எங்க முதலாளிக்கு மச்சான் முறை ஆகணும். பழசு அண்ணன்கிட்டப் போனாலும் எக்ஸ்சேஞ்ச் போனஸ் உண்டு, இந்த ஞாயித்துக்கிழமை வரைக்கும்தான் மேடம்.”

“பழசைக் கொடுக்கிறதா நான் சொல்லலையே.”

“கொடுத்துட்டாதான் மேடம் மனசு நிலைக்கும். ரெண்டையும் கையில வச்சிருந்தா தினமும் ஒப்பிட்டுப் பார்த்துக்கிட்டே இருப்பீங்க.”

புது மாடலைக் கையில் எடுத்தேன். பிடி நன்றாக இருந்தது. பொத்தானை அமுக்கினால் சத்தமே இல்லை. சொல்ல வெட்கமாக இருந்தாலும் சொல்லிவிடுகிறேன்: கீழே வைக்க மனம் வரவில்லை. அந்த மனத்தையும் குறித்துக்கொண்டு வெளியே வந்தேன்.

அம்மா அந்த நோட்டை எடுத்துப் புரட்டிவிட்டுக் கேட்டாள்.

“என்னடி இது, கேமராவுக்கு ஜாதகம் எழுதறியா? தசை, புத்தி எல்லாம் போட்டிருக்கே.”

“எது பொய்யின்னு பார்க்கறேன்மா.”

“ஏன், ஒருத்தர்கூட உண்மை சொல்லியிருக்க மாட்டாங்களா?”

உண்மை சொன்னவர்களுக்கு என் நோட்டில் நான் நெடுவரிசையே போட்டிருக்கவில்லை.

கார்த்திகை இரண்டாவது வாரம். நாங்கள் ஒதுக்கிய ஒரு இணைப்பின் கீறலைத் தெளிவாகப் படம் எடுத்து அனுப்பச் சொல்லி வாடிக்கையாளர் கேட்டிருந்தார். போனில் எடுத்தது சரியாக வரவில்லை. அதனால் என் கேமராவை வேலைக்குக் கொண்டுபோயிருந்தேன். பரிசோதனை அறை ஏசி அறை. மூன்றாவது படத்தில் திரை கறுத்தது. எரிச்சலாக வந்தது. அதே எரிச்சலில், மேஜையில் இருந்த வட்ட விளக்கு பொருத்திய பூதக்கண்ணாடிக்குக் கீழே கேமராவை வைத்தேன். மடிப்பில் கேபிள் தெரிகிறதா என்று பார்ப்பதுதான் எண்ணம்.

கேபிள் தெரியவில்லை. வேறொன்று தெரிந்தது.

கண்ணை வைத்துப் பார்க்கும் கண்ணாடிக்கு மேலே, அரிசி அகலத்தில் ஒரு கறுப்புச் சன்னல் இருக்கும். யாராவது முகத்தைக் கிட்டே கொண்டுவந்தால் கேமராவுக்குச் சொல்வது அதன் வேலை. முகம் வந்தால் பின்பக்கத் திரை அணைந்து, உள்ளே இருக்கும் சின்னத் திரை எரியும். முகம் விலகினால் மறுபடி இது எரியும். அந்தச் சன்னலின் விளிம்பு முழுக்க வெளிர் மஞ்சளாக ஒரு படலம் காய்ந்து ஒட்டியிருந்தது. ஒரு மூலையில் கடுகில் பாதி அளவுக்குச் சிவப்பு. பல்குத்தும் குச்சியின் முனையால் சுரண்டி மோந்து பார்த்தேன்.

சந்தனம்.

ஆயுத பூஜை புரட்டாசியில் வந்தது. பாலக்கரை ஸ்டுடியோவில் மேஜைமேல் வாழையிலை போட்டு எல்லாக் கேமராக்களையும் வரிசையாக வைத்திருந்தோம். பக்கத்தில் பொரி, கடலை, வெல்லம். பொட்டு வைக்கும் வேலையை அண்ணன் என்னிடம் கொடுத்தார், “நீதாம்மா நேர் கோட்டுல வைப்ப” என்று. மற்றவர்களின் கேமராக்களுக்கு லென்ஸ் மூடியில் வைத்தேன். புது மாடல் வைத்திருந்தவர், “மூடியோட நிறுத்திக்கங்க, மேல கை வச்சுடாதீங்க” என்று பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டார். அப்போது அது எனக்கு அலட்டலாகப் பட்டது. என் கேமராவுக்கு மட்டும், சொந்தக் கேமரா என்ற பிரியத்தில், நெற்றி மாதிரி இருக்கிற இடத்தைத் தேடி வைத்தேன். மோதிர விரலால் சந்தனம், அதன்மேல் குங்குமம். மறுநாள் ஈரத் துணியால் துடைத்தேன். துடைத்துவிட்டேன் என்று நினைத்தேன்.

ஆக, கேமராவுக்கு ஒரு கோளாறும் இல்லை. யாரோ எந்நேரமும் கண்ணை வைத்துப் பார்த்துக்கொண்டே இருப்பதாக அது நினைத்துக்கொண்டிருந்தது. முக்கொம்புத் தூறலில் ஏன் ஒழுங்காக இருந்தது, ஏசியில் ஏன் கெட்டது என்பதும் ஓரளவு புரிந்தது. ஈரத்தில் அந்தப் படலம் ஊறிக் கொஞ்சம் தெளிந்திருக்கலாம், காய்ந்தால் மறுபடி வெளுத்து மறைத்திருக்கலாம். இது என் ஊகம். கையெழுத்துப் போட மாட்டேன்.

என் பட்டியல் ஐப்பசியில் தொடங்கியதுதான் தவறு. கோளாறு தெரிந்த நாளிலிருந்து எழுதினேன். கடைசியாக எந்த நாள் ஒழுங்காக இருந்தது என்று கேட்டிருந்தால், புரட்டாசியில் அந்த வாழையிலைக்கு முன்னால் போய் நின்றிருப்பேன். புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு நானே சொல்லிக்கொடுக்கும் முதல் விஷயம் அது.

லென்ஸ் துடைக்கும் திரவத்தைப் பஞ்சில் தொட்டுச் சுத்தம் செய்தேன். ஒரு வாரம் தினமும் அதே ஏசி அறையில் நூறு முறை தூக்கி, மடக்கி, நிமிர்த்திப் பார்த்தேன். ஒரு முறையும் கறுக்கவில்லை. எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். ஆனால் முதலில் வந்தது சின்ன ஏமாற்றம். கேமரா கெட்டுப்போயிருந்தால் வாங்குவதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம் என்று ஒரு பக்கம் நான் காத்திருந்திருக்கிறேன். சர்வீஸ்காரர் ஆட்டிப் பார்த்ததை அவ்வளவு சீக்கிரம் நம்பியதற்கும் அதுதான் காரணமோ என்னவோ.

இந்த நேரத்தில் அண்ணனிடம் போயிருக்கலாம். போகவில்லை. முதலில் மண்டபத்தைப் பார்த்துவிடுவோம் என்று அந்த ஞாயிறு காலை ஸ்ரீரங்கம் போனேன். உத்திர வீதியில், தோழியின் வீட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது மண்டபம். அன்று விசேஷம் எதுவும் இல்லை. சாவி தோழியின் அம்மாவிடம் இருந்தது, மாமி என்றுதான் அவரைக் கூப்பிடுவேன். மணவறையிலிருந்து மூன்று எட்டு தள்ளி நின்று பார்த்தேன். இரண்டு பக்கமும் தூண், நடுவில் நான் நிற்கிற அளவுக்கு இடம். ஹோமப் புகை கிழக்குப் பக்கம் போகும். விளக்குகள் மஞ்சள். ஏசியைப் போடச் சொல்லி அரை மணி நேரம் காத்திருந்து இருநூறு படம் எடுத்தேன். கேமரா ஒழுங்காக இருந்தது.

மாமி கதவோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

“இதென்னடிம்மா, பழசா? புதுசு வரதுன்னு அவராவே சொன்னாரே உங்க ஸ்டுடியோக்காரர்.”

“எப்ப சொன்னார் மாமி?”

“ஆச்சே, ஒண்ணரை மாசம் இருக்கும். ரெண்டு கார்டுல விழுமாமே? ஒண்ணு போனாலும் இன்னொண்ணுல இருக்குமாமே?”

“ஆமா மாமி, புதுசுல அப்படித்தான்.”

“இதுல?”

“இதுல ஒண்ணுதான்.”

மாமி கேமராவை ஒரு முறை பார்த்தார், என்னை ஒரு முறை பார்த்தார். நான் ஒதுக்கப்போகும் இணைப்பை நானும் அப்படித்தான் பார்ப்பேன்.

“திருமாங்கல்ய தாரணம் ஒரு தரம்தான் நடக்கும். பெருமாள் பார்த்துப்பார். வா, தளிகை ஆயிடுத்து, சாப்பிட்டுட்டுத்தான் போகணும்.”

சாப்பிட்டேன். ரசம் நன்றாக இருந்தது. காவிரிப் பாலம் தாண்டும்போது பஸ்ஸில் புதிதாக ஒரு வரி எழுதினேன்: மோதிரம் மாற்றும்போது திரை கறுத்ததற்கு முன்பா, பின்பா, அண்ணன் மாமியிடம் சொன்னது? தேதியைக் கணக்குப் போட்டால் முன்புதான் வந்தது. திரை கறுப்பதைப் பார்ப்பதற்கு முன்பே எனக்குப் புது கேமரா என்று முடிவாகியிருக்கிறது.

பாலக்கரையில் இறங்கி நேராக ஸ்டுடியோவுக்குப் போனேன். அண்ணன் ஆல்பம் அட்டைகளைப் பிரித்துப் போட்டுக்கொண்டு டீ குடித்துக்கொண்டிருந்தார்.

“அண்ணே, திரை சரியாயிருச்சு.”

“எங்க குடுத்த?”

“எங்கயும் குடுக்கல. ஆயுத பூஜைக்கு நான் வச்ச சந்தனம். கண் பார்க்கிற சன்னலை மூடியிருக்கு.”

அவருக்குப் புரிய ஒரு நொடி ஆயிற்று. பிறகு டீ தம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

“ஏம்மா, கண்ணு படக்கூடாதுன்னுதான் ஊர்ல பொட்டு வைப்பாங்க. நீ கேமராவோட கண்ணுலயே வச்சுட்டியா? இதுல இன்ஜினியர் வேற!”

“பழசை எதுக்குண்ணே கேட்டீங்க? கெட்டுப்போச்சுன்னு நீங்கதானே சொன்னீங்க.”

“வீடியோவுக்கும்மா. வெளிய ஒரு மானிட்டரை மாட்டிக்கிட்டா திரை எனக்கு எதுக்கு?”

பதில் தயாராக இருந்தது. தயாராக இருக்கும் பதில்களை நான் இரண்டு முறை பார்ப்பேன். ஆனால் அதில் கீறல் தெரியவில்லை.

“ஸ்ரீரங்கத்து மாமிகிட்ட, திரை கறுக்கிறதைப் பார்க்கறதுக்கு முன்னாடியே புது கேமரான்னு சொல்லியிருக்கீங்க.”

சிரிப்பு நின்றது.

“அவங்க கேட்டாங்க, சொன்னேன்.”

“நீங்களா சொன்னதா அவங்க சொல்றாங்க.”

“அப்படித்தான் சொல்வாங்க. உன் ஃப்ரெண்டோட அம்மா இல்லையா? அவங்க நாத்தனார் பொண்ணு கல்யாணத்துல கார்டு போயி, தாலி கட்டுற படம் ஒண்ணுகூட இல்லையாம். எந்த ஸ்டுடியோன்னு சொல்லல, நம்மது இல்ல. அந்தப் பயம் அவங்களுக்கு. ‘அந்தப் பொண்ணு கேமராவுல ஒரு கார்டுதானாமே’ன்னு என்கிட்டயே கேட்டாங்க. இதை உன்கிட்ட நான் எப்படிம்மா சொல்றது? உன் சிநேகிதி வீட்டுலயே உன்னை நம்பலன்னா? திரை போச்சு, நல்லதாப்போச்சுன்னு அதைக் காரணமா வச்சுக்கிட்டேன்.”

ஒரு கார்டு என்பதைத் தோழியிடம் எப்போதோ நான்தான் சொல்லியிருக்கிறேன். அவள் வீட்டில் பேச்சோடு பேச்சாகச் சொல்லியிருப்பாள். எல்லாம் பொருந்தி வந்தது. ஆனாலும் தில்லைநகர் கடைக்காரர் என்னைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு இதில் எங்கும் பொருந்தவில்லை. நான் அங்கே போவதற்கு முன்பே அண்ணன் சொல்லிவைத்ததற்கு மாமியின் பயம் காரணமாக இருக்க முடியாது.

பஸ்ஸில் வரும்போதே ஒரு சோதனையை யோசித்து வைத்திருந்தேன். நோட்டில் இரண்டு நெடுவரிசை. அண்ணனுக்குக் கவலை கார்டு மட்டும்தான் என்றால் ஒரு பதில் வரும். கவலை மச்சான் கடை வியாபாரம் என்றால் வேறு பதில் வரும்.

“அண்ணே, வாங்காம, அந்த நாளுக்கு மட்டும் புது மாடலை வாடகைக்கு எடுத்துக்கிட்டா? ரெண்டு கார்டு. நீங்க மாமிகிட்ட சொன்னதும் பொய்யாகாது. என் பழசும் தோள்ல இருக்கும். மெயின்ல நான் நிக்கலாமா?”

அவர் ஆல்பம் அட்டையின் ஓரத்தை விரலால் தடவிக்கொண்டே இருந்தார். மறுத்தால் என்ன சொல்வது என்றும் யோசித்திருந்தேன்: அப்படியானால் அந்தக் கல்யாணத்துக்கு நான் விருந்தாளியாகப் போகிறேன், பந்தியில் நான் நிற்க மாட்டேன், உட்கார்வேன்.

“அன்னைக்குக் காலையில எடுத்துட்டு வந்து மெனுவைத் தேடிக்கிட்டு நிக்காத,” என்றார். “பொத்தான் எல்லாம் இடம் மாறியிருக்கு. நாலஞ்சு நாள் முன்னாடியே எடு. கை பழகணும். ரெண்டு கார்டும் உன்னோடதா இருக்கட்டும், வாடகைக் கடைக் கார்டை நம்பாத.”

“அப்ப மெயின் நானா?”

“நீதான். மாமிக்கு நானே போன் பண்ணிச் சொல்லிடறேன்.”

எனக்குக் கொஞ்சம் வெட்கமாகக்கூட இருந்தது. ஒரு மாதமாக இந்த மனிதரை ஒரு நோட்டில் வைத்து ஆராய்ந்திருக்கிறேன். படியிறங்கச் செருப்பை மாட்டும்போது பின்னாலிருந்து குரல் வந்தது.

“ஏம்மா, தில்லைநகர்ல நம்ம மச்சான் கடையிலயும் வாடகைக்கு விடறாங்க. அங்கயே எடுத்துக்க. நான் சொல்லிடறேன்.”

நோட்டில் இரண்டு நெடுவரிசைதான் போட்டிருந்தேன். அவர் இரண்டிலும் நின்றார். கார்டைப் பற்றிய அக்கறையும் உண்மை, கடையைப் பற்றிய அக்கறையும் உண்மை. ஒன்று இருந்தால் மற்றது இருக்காது என்று வைத்துக்கொண்டது என்னுடைய சோதனையின் குறை. அவரைக் குறை சொல்ல முடியாது. நான் திரும்பிப் பார்த்து, “பார்க்கறேண்ணே” என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

தோழிக்குப் போன் செய்து மெயினில் நான்தான் என்றேன். அவளுடைய அம்மா என் கேமராவைச் சந்தேகப்பட்டதை அவளிடம் சொல்லவில்லை. கல்யாணம் முடியட்டும். மாமி கேட்டதில் தவறு ஒன்றும் இல்லை என்றுதான் இப்போது நினைக்கிறேன். அவர் இடத்தில் நான் இருந்தால் எந்த நிறுவனத்துக் கார்டு, எத்தனை வருஷம் ஆயிற்று என்றும் சேர்த்துக் கேட்டிருப்பேன். அண்ணனாகச் சொன்னாரா, மாமியாகக் கேட்டாரா என்பதை மட்டும் என்னால் இன்றுவரை முடிவு செய்ய முடியவில்லை. இருவரும் அவரவர் சொன்னதையே திரும்பச் சொல்கிறார்கள்.

இப்போது மார்கழி நடக்கிறது. புது மாடலை நான் வாங்கவில்லை. தை கல்யாணத்துக்காக ஐந்து நாளுக்கு அதை வாடகைக்குச் சொல்லிவைத்திருக்கிறேன். தில்லைநகரில் இல்லை, சத்திரம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் வேறொரு கடையில். அண்ணனுக்கு அது தெரியும். அவருடைய நோட்டீஸ் பலகையில் மெயின் என்ற இடத்தில் என் பெயர் இருக்கிறது, அதை ஒரு படம் எடுத்து வைத்திருக்கிறேன். இரண்டு புதிய கார்டுகள் வாங்கி ஒவ்வொன்றையும் முழுக்க நிரப்பி, அழித்து, சரிபார்த்தாகிவிட்டது. பழைய கேமராவின் திரை இதுவரை கறுக்கவில்லை. வாங்குவதா வேண்டாமா என்பதைக் கல்யாணம் முடிந்த பிறகு, இரண்டு கேமராவின் படங்களையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்வேன்.